கட்டிலுக்குக் கீழே ஓர் அடுப்பு

கேள்வி: நாங்கள் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் பக்கத்துப் பக்கத்துப் புளோக்குகளில் இருக்கும் ஆறு பெண்கள். லிஜ்ஜத் அப்பளத்தைத் தொடங்கிய ஜஸ்வந்திபென் பற்றி ஒரு நிகழ்ச்சியில் கேட்டதும், ஆளுக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டு 300 வெள்ளியில் உளுந்து அப்பளம் இட ஆரம்பித்தோம். என் வீட்டில் மாவு பிசைவோம். ஒவ்வொருவரும் பங்கை வீட்டுக்கு எடுத்துப்போய் இட்டு, காயவைத்துக் கொண்டுவருவார்கள். நவம்பர் வரை நன்றாகப் போனது. டிசம்பர் மழையில் 40 பாக்கெட்டில் பூசணம் பிடித்துவிட்டது. இப்போது வேறு சிக்கல்களும் வந்துவிட்டன. அதிகம் இடும் அக்கா ஒருவர், பணத்தைச் சமமாகப் பிரிப்பது நியாயமில்லை என்கிறார். இன்னொருவர் விலை குறைந்த இரண்டாம் ரகம் ஒன்று போடலாம் என்கிறார். தேக்கா கடைக்காரர் ஒருவர் மாதம் 150 பாக்கெட் கேட்கிறார். பாக்கெட்டுக்கு 3.50 வெள்ளி, பணம் 45 நாள் கழித்து. ஜஸ்வந்திபென் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்? எங்களால் முடியுமா? தீபாவளிக்கு இப்போதே முன்பதிவும் கேட்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் சிக்கல்களில் மூன்று, லிஜ்ஜத்தின் முதல் மூன்று ஆண்டுகளிலும் வந்தவைதான். அதனால் அவர்கள் செய்ததையும், அதில் சிங்கப்பூரில் செய்யக்கூடியது எது, கூடாதது எது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நிகழ்ச்சிகளில் எப்போதும் சொல்லப்படுவது 80 ரூபாய்க் கடன். 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காவில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் சேர்ந்து அப்பளம் இட்டார்கள். கடன் கொடுத்தவர் சகன்லால் கரம்சி பாரேக். அன்று விற்றது நான்கு பாக்கெட். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று அந்த அமைப்பில் ஏறத்தாழ 45,000 பெண்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது மனம் பொங்கத்தான் செய்கிறது. ஆனால் முதலாண்டு முழுவதற்குமான விற்பனை 6,196 ரூபாய்தான் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அந்த ஆண்டு மழைக்காலத்தில் நான்கு மாதம் தொழிலையே நிறுத்தினார்கள் என்பதையும் சொல்வதில்லை. நின்றதற்குக் காரணம் உங்களுடையதேதான்: அப்பளம் காயவில்லை.

அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு. மழை பெய்துகொண்டிருக்க, உள்ளே அப்பளம் காய்ந்தது. என்னைக் கேட்டால், ஜஸ்வந்திபென்னும் அவருடன் இருந்தவர்களும் தொழில் முனைவோரானது இந்த இடத்தில்தான். கடன் வாங்கித் தொடங்க நிறையப் பேரால் முடியும். நின்றுபோன வேலை ஏன் நின்றது என்று பார்த்து, கையில் இருக்கும் பொருளால் அதைச் சரிசெய்வதுதான் கடினம்.

அந்த அடுப்பு என்ன செய்தது என்று புரிந்துகொண்டால் உங்கள் பூசணப் பிரச்சினை தீர்ந்துவிடும். அப்பளத்தைக் காயவைப்பது வெயில் இல்லை, காற்று. சுற்றியிருக்கும் காற்றின் ஈரப்பதம் எவ்வளவோ, அதற்கு ஏற்ற அளவோடு அப்பளம் காய்வது நின்றுவிடும். பூசணம் பிடிக்காமல் இருக்க அப்பளத்தின் எடையில் நீர் 14 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்த நிலைக்கு வர, சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரியோ 82 விழுக்காடு. மழையில்லாத பிற்பகலில் மட்டும் சில மணி நேரம் 60 வரை இறங்கும், விடியற்காலையில் 90ஐத் தாண்டும். நவம்பர் வரை உங்களைக் காப்பாற்றியவை அந்தப் பிற்பகல்கள்தான். டிசம்பரில் அவை கிடைக்கவில்லை. மின்விசிறியை இரவு முழுக்க ஓடவிட்டாலும் ஈரக் காற்றைத்தான் அது சுற்றிவிடும். தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும், உள்ளே 18 விழுக்காடு நீர் நிற்கும்.

காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் இறங்கும். 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரம் உள்ள காற்றை 45 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் ஏறக்குறைய 35 ஆகிவிடும். கிர்காவில் கட்டிலுக்கு அடியில் நடந்தது இதுதான். ஆனால் அதை அப்படியே செய்துவிடாதீர்கள். மூடிய அறையில் கரியோ மண்ணெண்ணெயோ எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், தீ ஆபத்தும் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அதே வேலையை இரண்டு வழிகளில் செய்யலாம்.

ஒன்று, உணவு உலர்த்தும் மின் கருவி. அதன் குறை கொள்ளளவு. வீட்டுக் கருவியின் ஒரு தட்டில் நான்கு அப்பளம், ஆறு தட்டில் 24. நூற்றைம்பது அப்பளத்துக்கு ஆறேழு தடவை மாற்ற வேண்டியிருக்கும். மற்றது, ஓர் அறையையே உலர்த்தியாக்குவது. சன்னலையும் கதவையும் மூடி, ஒரு நாளுக்கு 10 லிட்டர் நீர் எடுக்கக்கூடிய ஈரப்பதம் நீக்கும் கருவியை வையுங்கள். துணி காயவைக்கும் மடக்குச் சட்டத்தில், உணவுக்கு உகந்த வலை விரித்து அப்பளங்களை ஒன்றோடொன்று தொடாமல் பரப்புங்கள். சிறிய மின்விசிறி சுவரைப் பார்த்து ஓடட்டும். அந்தக் கருவி அறையைக் கொஞ்சம் சூடாக்கவும் செய்யும், அது நல்லதே. ஒரு கிலோ உளுந்து மாவில் இட்ட அப்பளத்திலிருந்து வெளியேற வேண்டிய நீர் 370 கிராம்தான் என்பதால் கருவி திணறாது. ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஒன்றை அப்பளத்தின் பக்கத்திலேயே வையுங்கள், கருவியின் பக்கத்தில் வேண்டாம். அது 50க்கு வந்த பிறகுதான் அப்பளம் உள்ளே போக வேண்டும். மொத்தம் நான்கைந்து மணி நேரம் ஆகும். உங்களுக்கு நான் இரண்டாம் வழியைத்தான் சொல்வேன். பொது நடைபாதையில் உலர்த்துவது வேண்டவே வேண்டாம். மைனா, புறா, மேல்மாடித் துணியின் சொட்டு, சீனர்கள் ஏழாம் மாதத்தில் எரிக்கும் தாள்களின் சாம்பல், புகைமூட்டம் எல்லாம் அதில் விழும். நடைபாதையை மறிப்பதற்கும் விதி இடம் தராது.

வேகமாகக் காய்ந்தாலும் கெடும். 50 டிகிரியைத் தாண்டினால் மேற்புறம் முதலில் இறுகி, நடுவில் ஈரம் சிக்கிக்கொள்ளும். ஓரம் வெடிக்கும், அப்பளம் கிண்ணம் போல வளையும். அதனால் இரண்டு கட்டமாகக் காயவையுங்கள். இட்டதும் அரை மணி நேரம் பரப்பி, ஒரு முறை திருப்பிப் போட்டு, மேல் பிசுபிசுப்பு போனதும் 25 அப்பளங்களை அடுக்கி, துணி சுற்றி, மேலே லேசான பலகை வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். நடுவில் இருக்கும் ஈரம் ஓரத்துக்கு வந்து சமமாகும், அப்பளமும் தட்டையாகும். பிறகு மறுபடி பரப்பி முழுதாகக் காயவைக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே பாக்கெட்டில் போட்டால் உள்ளே வியர்க்கும். அறைச் சூட்டுக்கு ஆறிய அரை மணி நேரத்துக்குள், அதே உலர்ந்த அறையில் வைத்தே அடைத்துவிடுங்கள். மெல்லிய பாலிதீன் பை ஈரத்தை உள்ளே விடும், பல அடுக்குப் பையை வாங்கி வெப்பத்தால் ஒட்டுங்கள்.

காய்ந்ததா என்று விரலால் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு நாள் உருப்படியிலிருந்தும் 20 கிராம் எடுத்து நொறுக்கி, அடுப்புப் பெட்டியில் 105 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்து மறுபடி நிறுங்கள். 17.2 கிராமோ அதற்கு மேலோ நின்றால் நீர் 14 விழுக்காட்டுக்குள் இருக்கிறது. 16.8 என்றால் நீர் 16 விழுக்காடு, அந்த உருப்படி மறுபடி அறைக்குப் போக வேண்டும். 0.1 கிராம் காட்டும் தராசு போதும்.

தராசு என்றதும் உங்கள் இரண்டாம் சிக்கலுக்கு வருகிறேன், ஏனென்றால் லிஜ்ஜத்தை லிஜ்ஜத்தாக வைத்திருப்பது தராசுதான். இரண்டாம் ஆண்டு முடியுமுன் நூறு பெண்களுக்கு மேல் சேர்ந்தார்கள், மூன்றாம் ஆண்டு முடிவில் முந்நூறைத் தாண்டினார்கள். மாடியில் இடமில்லை. அதனால் பிசைந்த மாவைக் கொடுத்தனுப்பினார்கள், வீட்டில் இட்டு மறுநாள் கொண்டுவந்தால் நிறுத்து, தரம் பார்த்து, எடைக்குக் கூலி கொடுத்தார்கள். இன்றுவரை அதே முறைதான். ஆனால் லாபத்தைப் பிரிக்கும்போது எடை பார்ப்பதில்லை. எல்லா உறுப்பினரும் பங்குதாரர், எல்லாருக்கும் சமம். உங்கள் அக்கா கேட்பதும் நியாயம், சமமாகப் பிரித்த நீங்களும் தவறில்லை. கூலியையும் லாபத்தையும் ஒரே டப்பாவில் போட்டதுதான் பிழை. உழைப்புக்கு எடைப்படி கொடுங்கள், மிச்சத்தைத் தலைக்குச் சமமாகப் பிரியுங்கள்.

எடைக்கணக்கு எப்படி வேலை செய்யும் என்பதற்கு முதலில் மாவின் அளவு உறுதியாக வேண்டும். தோல் நீக்கிய உளுந்து மாவு 1 கிலோ, உப்பு 70 கிராம், அப்பளக்காரம் (சோடியம் கார்பனேட்) 15 கிராம், பொடித்த மிளகு 25, பெருங்காயத் தூள் 8, நல்லெண்ணெய் 25, தண்ணீர் 430 மில்லி. உப்பையும் அப்பளக்காரத்தையும் நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டுத் தெளிந்ததை எடுங்கள். நீரைக் கொதிக்கவைத்த பிறகு அளக்க வேண்டும், முன்னால் அளந்தால் ஆவியானது கணக்கில் குறையும். கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடிவைத்து, எண்ணெய் தொட்டு அடித்து இழுத்தால் மாவு அறுபடாமல் நீள வேண்டும். அதுதான் பதம். பத்து கிராம் உருண்டை, பன்னிரண்டு சென்டிமீட்டர் வட்டம்.

காரத்தை 20 கிராமுக்கு மேல் கூட்டினால் பொரிக்கும்போது சிவக்கும், சோப்பு வாடை வரும். குறைத்தால் மாவு இழுபடாது, அப்பளம் பொரிந்து எழாமல் தட்டையாக நிற்கும். பெயர் எழுதாத பொட்டலத்தில் காரம் வாங்காதீர்கள், உணவுத் தரச் சோடியம் கார்பனேட் என்று அச்சிட்டதையே வாங்குங்கள். வெங்காரம் (போராக்ஸ்) வேறு பொருள், அதை உணவில் சேர்க்கச் சிங்கப்பூரில் அனுமதி இல்லை.

மேலே சொன்ன அளவில் பிசைந்த மாவு மொத்தம் 1,570 கிராம் வரும். 14 விழுக்காடு ஈரத்துக்குக் காய்ந்தால் 1,200 கிராம் அப்பளம். அதாவது 100 கிராம் பிசைந்த மாவுக்கு 76 அல்லது 77 கிராம் திரும்பி வர வேண்டும். இந்த ஓர் எண்ணை அறையின் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 82 வந்தால் 20 விழுக்காடு ஈரம் இருக்கிறது என்று பொருள், தொடாமலேயே தெரிந்துவிடும். 72க்குக் கீழே போனால் கருகக் காய்ந்துவிட்டது, இல்லையென்றால் மாவு எங்கோ சிந்தியிருக்கிறது. டிசம்பரில் ஒரு நாள் இப்படி நிறுத்திருந்தால் 40 பாக்கெட்டும் வீட்டை விட்டே போயிருக்காது. யார் மீதும் பழி விழாமல் தவற்றைக் காட்டிவிடும் என்பதே தராசின் பெரிய நன்மை. தோழிகள் சேர்ந்து செய்யும் தொழிலில் அது மிக முக்கியம்.

இப்போது பணம். இந்த அளவில் ஒரு கிலோ அப்பளத்துக்கு மாவு, மசாலா, பை, மின்சாரம் எல்லாம் சேர்ந்து 8 அல்லது 9 வெள்ளி ஆகும் என்று எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் ரசீதுகளை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். 200 கிராம் பாக்கெட்டை 5 வெள்ளிக்கு நேரடியாக விற்றால் கிலோவுக்கு 25. மீதி 16 வெள்ளி. அதில் இடுபவருக்கு 10, பிசைந்து உலர்த்துபவருக்கு 2, அடைத்துக் கணக்கு எழுதுபவருக்கு 1 என்று வைத்தால் 3 வெள்ளி லாபம். மாதம் 30 கிலோ என்றால் 90 வெள்ளி. மூன்றில் ஒரு பங்கை நிதியில் விட்டு மீதி 60ஐ ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்குப் பத்து. தொகை சின்னதுதான். ஒரு கிலோ என்பது 130 அப்பளம். பழகிய கை மணிக்கு நூறு இடும், புதிய கை ஐம்பதைத் தாண்டாது. ஆக இடுகூலி மணிக்கு 4லிருந்து 8 வெள்ளிக்குள் நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு தொடர்வது நல்லது. பம்பாயில் 1959இல் வீட்டுக்குள்ளிருந்து வேறு வருமானம் தேட வழியில்லாத பெண்களுக்கு அப்பளம் வேலை கொடுத்தது. உட்லண்ட்ஸில் உங்கள் நேரத்துக்கு வேறு விலைகளும் இருக்கின்றன.

இந்தக் கணக்கிலேயே கடைக்காரருக்கும் பதில் இருக்கிறது. 3.50 வெள்ளிக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 17.50. பொருள் செலவு போக 8.50 வெள்ளி. கூலிக்கே 13 வேண்டும். 150 பாக்கெட்டுக்கு 250 வெள்ளிக்கு மேல் சரக்கு வாங்க வேண்டும், அது 45 நாள் கடையில் உட்கார்ந்திருக்கும். உங்கள் மூலதனம் 300. அடுத்த மாத உளுந்துக்கு மிஞ்சுவது ஐம்பதுக்கும் குறைவு. மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

விலை குறைந்த இரண்டாம் ரகம் பற்றியும் லிஜ்ஜத்தில் நேரடியான விடை உண்டு. அவர்களும் ஆரம்பத்தில் இரண்டு ரகம் செய்தார்கள். கடன் கொடுத்த பாரேக், ஒரே தரம் போதும், அதில் ஒருபோதும் இறங்காதீர்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்றார். கேட்டுக்கொண்டார்கள். உடைந்த அப்பளத்தை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் ரகம் ஒன்று இருந்துவிட்டால், இடும்போதே கை தளரும், சரியாக வராதது அதில் போய்விடும் என்ற நினைப்பு வந்துவிடும். வகை கூட்டுங்கள், தரத்தைப் பிரிக்காதீர்கள். இறக்குமதி அப்பளத்தோடு விலையில் மோத உங்களால் முடியாது. அதனால் கடையில் எளிதில் கிடைக்காததைச் செய்யுங்கள். பிரண்டை அப்பளம் ஒரு நல்ல வழி. ஒரு கிலோ மாவுக்கு இளம் பிரண்டை 100 கிராம், கணு நீக்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, வதக்கி அரைத்து, கொஞ்சம் புளித்தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றின் அளவைத் தண்ணீரில் கழித்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைக்காமல் சேர்த்தால் நாக்கு அரிக்கும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் உடனே நிறுத்த வேண்டிய ஒன்று. இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டுமோ என்றுகூட யோசித்தேன், அவ்வளவு அவசரம். உங்கள் வீட்டில் பிசைந்து ஐந்து வீடுகளுக்கு மாவை அனுப்பும் முறை லிஜ்ஜத்தின் உயிர்நாடி, ஆனால் சிங்கப்பூரின் வீட்டுச் சிறுதொழில் திட்டத்துக்குள் அது பொருந்தாது. வீட்டில் சிறிய அளவில் சமைத்து நேரடியாக விற்கச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் முன் அனுமதியும் தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் வசிப்பவர்கள்தான் வேலை செய்யலாம். வெளியாள் வந்து வேலை செய்யக் கூடாது, விளம்பரப் பலகை கூடாது, வீட்டு உபயோகத்துக்கு மீறிய இயந்திரம் கூடாது, அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் கூடாது. ஆறு பேர் உங்கள் சமையலறையில் கூடுவது அந்த வரம்பைத் தாண்டியது. கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கத் தயாரிப்பது உரிமம் பெற்ற உணவுத் தொழிற்கூடத்தில் நடக்க வேண்டியது. கடைக்காரரை மறுக்க அதுவும் ஒரு காரணம்.

வீட்டுப் பணிப்பெண்ணை அப்பளம் இட வைக்காதீர்கள், அது அவருடைய வேலை அனுமதிக்குப் புறம்பானது, தண்டனை முதலாளிக்கு. உங்களில் யாராவது கணவரின் வேலை அட்டையைச் சார்ந்த அட்டையிலோ நீண்டகால வருகை அட்டையிலோ இருந்தால், பணம் கை மாறுமுன் மனிதவள அமைச்சிடம் அவருக்கு என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பொறுத்து விதி மாறும்.

அப்படியானால் ஆறு பேரும் கலைந்துவிட வேண்டுமா? வேண்டாம். இப்போதைக்கு அவரவர் வீட்டில், முதல் பிசையலிலிருந்து கடைசிப் பாக்கெட் வரை அவரவரே செய்து, அவரவர் பெயரில் நேரடியாக விற்கட்டும். சேர்ந்து செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. உளுந்து மாவை ஒரே மூட்டையாக வாங்கி, பிசையாத உலர்மாவாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். அளவுத் தாள் எல்லாருக்கும் ஒன்று. 76 என்ற எண் எல்லார் வீட்டிலும். வாரம் ஒரு நாள் ஆறு வீட்டு அப்பளத்தையும் ஒன்றாகப் பொரித்து, ஈரச் சோதனைக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிஜ்ஜத்தில் உறுப்பினர் வீடுகளுக்குச் சென்று சுத்தம் பார்க்கும் வழக்கம் உண்டு. அதையும் உங்களுக்குள் வைத்துக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலையை ஆறு பேரும் முடித்துவிடுங்கள். வீட்டுத் தொழிலுக்குக் கட்டாயமில்லை, ஆனால் பின்னால் உரிமக் கூடத்துக்குப் போனால் வேண்டியிருக்கலாம். இந்த ஏற்பாட்டில் பணம் கலக்காது என்பதால், பங்கு பற்றிய மனத்தாங்கலும் தற்காலிகமாக அடங்கும். மேலே சொன்ன கூலி, லாபக் கணக்கு அடுத்த கட்டத்துக்கு. இப்போதே ஒரு தாளில் எழுதி ஆறு பேரும் ஒப்புக்கொள்வது நல்லது. இதுவரை வந்த பழைய பணத்துக்கு, அவரவர் இட்ட எடை நினைவிருந்தால் அதன்படி கூலி பிரியுங்கள். இல்லையென்றால், சமமாகப் பிரித்ததை அப்படியே விட்டுவிடுங்கள். எழுதாத கணக்கைக் கிளறினால் தோழமைதான் கெடும்.

அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே விற்றால் நிறுவனப் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் தனியாள் தொழிலாகப் பதிய வேண்டும், ஓராண்டுக்கு 115 வெள்ளி.

அடுத்த கட்டம் எப்போது? ஆறு வீடுகளும் சேர்ந்து, தொடர்ந்து ஆறு மாதம், பூசணப் புகார் ஒன்றுகூட இல்லாமல், மாதம் 60 கிலோவுக்கு மேல் நேரடியாக விற்றால். அதற்கு முன் வாடகைக் கூடம் பார்க்க வேண்டாம். அப்போது உரிமம் பெற்ற பகிர்வுச் சமையற்கூடத்தில் வாரத்தில் சில மணி நேரம் எடுப்பது பற்றி விசாரிக்கலாம். கூடத்துக்கு உரிமம் இருப்பது மட்டும் போதாது, உங்கள் தயாரிப்புக்கும் உரிமம் உண்டா என்று சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் கேளுங்கள். சட்ட வடிவத்துக்கு வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையைத்தான் நான் முதலில் பரிசீலிப்பேன், ஆறு பேரின் வீட்டுச் சேமிப்பும் கடனில் மாட்டாது. கூட்டுறவுச் சங்கம் லிஜ்ஜத்தின் மனதுக்கு நெருக்கமானது. அதற்கான பதிவகம் கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சின் கீழ் இருக்கிறது, ஆனால் நிர்வாக வேலை அதிகம். லிஜ்ஜத்தும் முதல் நாளிலேயே பதிவு செய்துவிடவில்லை. 1959இல் தொடங்கியது, 1966 ஜூலையில்தான் சங்கமாகப் பதிவானது, அதே ஆண்டு செப்டம்பரில் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றது. அதற்குள் அப்பளத்தின் தரமும் கணக்கும் நிலைத்துவிட்டிருந்தன. நஷ்டம் வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்று அவர்கள் ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். உங்கள் 300 வெள்ளிக்கு மேல் உறவினரிடம் கை நீட்டாமல் இந்த ஆறு மாதத்தை ஓட்டப் பாருங்கள்.

பாக்கெட்டின் மேல் ஆங்கிலத்தில் இவை இருக்கட்டும்: பொருளின் பெயர், சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை, நிகர எடை, செய்தவர் பெயர், முகவரி, தயாரித்த நாள், பயன்படுத்த உகந்த கடைசி நாள். இரண்டு மாதத்துக்கு மேல் தேதி போடாதீர்கள். பலரும் தவறவிடுவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். டப்பாவின் பின்புறம் பாருங்கள், இருந்தால் ‘கோதுமை, குளூட்டன் உண்டு’ என்று உங்கள் பாக்கெட்டிலும் எழுதியே ஆக வேண்டும். இடும்போது தூவும் மாவுக்கும் அதே சட்டம்தான். மைதாவுக்குப் பதில் அரிசி மாவு தூவினால் ஒரு தலைவலி குறையும்.

தீபாவளிக்கு இப்போதே முன்பதிவு கேட்கிறார்கள் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். உங்கள் அறை ஒரு நாளில் 150 அப்பளம் தாங்கும், அது 200 கிராம் பாக்கெட் ஐந்தும் கொஞ்சமும். வாரத்தில் நான்கு நாள் என்றால் 23 பாக்கெட், மூன்று வாரத்துக்கு ஏறக்குறைய எழுபது. மழை, காய்ச்சல், உடைந்தது எல்லாவற்றுக்கும் பத்தைக் கழித்து, வீட்டுக்கு அறுபது பாக்கெட் வரை மட்டும் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். அறுபத்தோராவது ஆளை அடுத்த வீட்டுச் சகோதரியிடம் அனுப்புங்கள்.